தட்டுக் கழுவியவன்

நான் லண்டனுக்கு வந்தது 1985இல். அந்தக் காலத்தில் வந்த எங்கள் பெடியன்களில் பலர் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். மற்றவர்கள் பெற்றோல் நிலையங்களில் இரவு வேலைக்கு நின்றார்கள். இரண்டையும் கொஞ்சக் காலம் செய்துவிட்டு, 1987இல் வடக்கு லண்டனில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் சேர்ந்தேன். "தட்டுக் கழுவிற வேலை கிடைச்சிருக்கு, நல்ல இடம்" என்று அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். கோப்பை என்று எழுத வெட்கப்பட்டுத் தட்டு என்று எழுதியிருக்கிறான் பிள்ளை என்று அம்மா அழுதாராம். அடுத்த கடிதத்தில் விளக்க முயன்றேன். ஜாஸ் என்று எழுதினேன். அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த இசை, அந்தத் தட்டுகளை இயந்திரத்தில் வைத்துக் கழுவிக் காயவிட்டு விற்கிறோம் என்று எழுதினேன். இதைவிட முதல் கடிதமே பரவாயில்லை என்று தம்பி பதில் போட்டான்.

வேலை கிடைத்ததற்கு மாமாதான் காரணம். அவர் சாவகச்சேரிப் பக்கம் லவுட்ஸ்பீக்கர் சேர்விஸ் வைத்திருந்தவர். கோயில் திருவிழா, கலியாண வீடு எதென்றாலும் பனையில் குழாயைக் கட்டித் தட்டுப் போடுவார். பெட்டி தூக்கப் போன எனக்கு அவர் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று: தட்டின் முகத்தில் விரல் படக் கூடாது. பெருவிரலின் அடி விளிம்பில், மற்ற விரல்கள் நடு லேபிளில். லண்டன் முதலாளி என் ஆங்கிலத்தைச் சோதிக்கவில்லை. ஒரு தட்டை நீட்டி, "இதை உறையிலிருந்து எடு" என்றார். எடுத்தேன். "திங்கட்கிழமை வா" என்றார்.

கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மரத் தாங்கி இருந்தது. எந்தத் தட்டு ஓடுகிறதோ அதன் அட்டை அதில் நிற்கும். வருகிறவர்கள் குடையை உதறி மூலையில் சாத்திவிட்டு முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். சிலர் தலையை ஆட்டுவார்கள், சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். பிறகுதான் வாய் திறக்கும்: "வீட்டில் எனக்கு இப்போது ஓடுவது..." என்று. வானிலைக்கு அடுத்தபடியாக அந்த ஊரில் நான் அதிகம் கேட்ட பேச்சு அதுதான். ஒருவர் லீ மோர்கன் என்பார். பக்கத்தில் நிற்பவர், அவரைத் தெரியாதவராக இருந்தாலும், எந்தப் பதிப்பு என்று கேட்பார். அரை மணித்தியாலம் போய்விடும். ஒன்றும் வாங்க மாட்டார்கள்.

தொடக்கத்தில் எனக்கு அந்த இசையே பிடிபடவில்லை. ஒருமுறை மாமா கடை நேரத்தில் தொலைபேசியில் வந்தார். பின்னால் சாக்ஸபோன் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் பொறுத்திருந்து கேட்டார்: "பாட்டு எப்பயடா தொடங்கும்? இது முழுக்க மியூசிக்காக் கிடக்கு." எங்கள் காதுக்கு வாத்தியம் என்பது பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வந்து போகிற விருந்தாளி. விருந்தாளியே வீட்டுக்காரனாக நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருப்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. கச்சேரியில் ராகம் விரிப்பதைக் கேட்டுப் பழகியவன்தானே என்று முதலாளி ஆச்சரியப்படுவார். நான் பழகியிருந்தது கச்சேரியில்லை, லவுட்ஸ்பீக்கர்.

காதுக்கு முன் கை பழகிவிட்டது. எங்களிடம் இருந்தது கீத் மொங்ஸ் என்ற ஆங்கிலேய இயந்திரம். பார்வைக்குப் பெரிய பிளேயர் மாதிரி இருக்கும். தட்டைச் சுழலவிட்டு, வடித்த தண்ணீரும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் கலந்ததைத் தூரிகையால் பரப்ப வேண்டும். பிறகு ஒரு மெல்லிய குழாய், ஊசி போகிற மாதிரியே வரி வரியாக நகர்ந்து அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகும். குழாயின் முனை தட்டில் உரசாமலிருக்க இடையில் ஒரு நைலோன் நூல் ஓடிக்கொண்டே இருக்கும். அழுக்கான நூல் உள்ளே போகப் புது நூல் வரும். போத்தலில் சேருகிற தண்ணீரைப் பார்த்தால் வீட்டுக்காரரைத் தெரியும். சுருட்டுக் குடிப்பவரின் தட்டில் தேத்தண்ணி நிறம். பூனை வளர்ப்பவரின் தட்டில் மயிர்.

இந்த ஸ்பிரிட்டால் ஒருமுறை மாட்டுப்பட்டேன். சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். ஒரு பெட்டி எழுபத்தெட்டுகள் வந்தன, அதாவது நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டுகள். மேலே கிடந்தது லூயி ஆம்ஸ்ட்ராங் 1928இல் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. நல்லெண்ணத்தோடு இயந்திரத்தில் வைத்து வழக்கமான கலவையை ஊற்றினேன். தூரிகை பட்ட இடமெல்லாம் மினுக்கம் போய், சாணி மெழுகின திண்ணை மாதிரி ஆயிற்று. எழுபத்தெட்டு பிளாஸ்ரிக் இல்லை. கற்பொடியை அரக்கில் குழைத்து அழுத்தியது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஊரில் தச்சு வேலைக்காரர் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கதிரைக்குப் பூசுவதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தவன் நான். அது மூளையின் ஒரு அறையில் கிடந்தது, இது மற்ற அறையில். முதலாளி திட்டவில்லை. "அந்த அரக்கு உங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது" என்றார். இந்தியக் காடுகளில் மரக் கிளையில் ஒட்டி வாழ்கிற பூச்சியின் பிசின் அது என்றும், இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்துக் குறைந்தபோது அமெரிக்காவில் வீடு வீடாகப் பழைய தட்டுச் சேர்த்து நொருக்கிப் புதுத் தட்டு அடித்தார்கள் என்றும் அன்றைக்குத்தான் அறிந்தேன். எத்தனை ஆம்ஸ்ட்ராங் அப்படி நொருங்கியிருக்குமோ, என்னுடையதோடு இன்னுமொன்று.

கழுவிய பிறகு தரம் பார்ப்பது. இந்தத் தொழிலின் பாஷை வேடிக்கையானது. 'எக்ஸலன்ட்' என்றால் பரவாயில்லை. 'வெரி குட்' என்றால் கரகரக்கும். 'குட்' என்றால் வாங்காதே. விளக்கைத் தாழ்த்தி, தட்டைச் சரித்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். அதிகம் ஓடாத தட்டின் வரிகள் கறுப்புக் கண்ணாடி போல மினுங்கும். தேய்ந்த ஊசியால் நூறு தரம் ஓடியதில் சாம்பல் பூத்திருக்கும். அதுவும் ட்ரம்பெட் உச்சத்துக்குப் போகிற இடங்களில் திட்டுத் திட்டாக. தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே விநாடிக்குச் சுமார் 50 சென்ரிமீற்றர் வரி ஓடுகிறது. லேபிளுக்குக் கிட்டப் போகும்போது அது 20 அளவுக்குக் குறைந்துவிடும். அதே இசையை அரைவாசிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். அதனால் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டுத்தான் முதலில் சாகும். விவரமானவர்கள் அங்கே சத்தம் குறைந்த, ஆறுதலான ஒன்றைப் போட்டுவைப்பார்கள்.

ஆனால் நான் முதலில் பார்ப்பது வரியை இல்லை, லேபிளை. நடு ஓட்டையைச் சுற்றி மெல்லிய கோடுகள் இருக்கும். தட்டை வைக்கும்போது பிளேயரின் நடுக் கம்பி ஓட்டையைத் தேடி உரசிய தடம் அது. நான் அதைப் பூனை மீசை என்பேன். வெளிச்சத்தில் கவனமாக வைப்பவருக்கு மீசை முளைக்காது. இருட்டில், பாதி நித்திரையில், கண்ணாடி போடாமல், அடிக்கடி வைப்பவரின் தட்டில்தான் முளைக்கும். முதல் பக்கத்தில் மீசை அடர்ந்து இரண்டாம் பக்கத்தில் ஒன்றும் இல்லையென்றால் அந்த வீட்டில் யாரும் தட்டைத் திருப்பியதில்லை. நான் பார்த்த தட்டுகளில் பெரும்பாலானவை அப்படித்தான்.

வெள்ளிக்கிழமைகளில் ஆறரைக்குக் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு ஏழெட்டுப் பேர் கூடுவோம். தபால்காரர் ஒருவர், கணக்கு வாத்தியார் ஒருவர், இரவு வேலை செய்யும் தாதி ஒருத்தி, அரைநேரச் சாக்ஸபோன்காரர் ஒருவர், இன்னும் சிலர். முதலாளி வைத்த சட்டம் இது: நல்ல தட்டைத் தேடி எடுத்து வராதே, வீட்டிலிருந்து புறப்படும்போது பிளேயரில் எது கிடந்ததோ அதைக் கொண்டு வா. ஆளுக்கு ஒரு பக்கம். ஊசி தூக்கும்வரை பேச்சு இல்லை. பேசாமல் கேட்பதை எங்களுக்குப் பழக்கியவர் தபால்காரர். அவர் ஜப்பானுக்குப் போய் அங்கே ஜாஸ் தேநீர்க் கடைகளில் குந்தியிருந்துவிட்டு வந்தவர். யோக்கஹாமாவில் சிகுசா என்ற கடை 1933இல் தொடங்கியது. வெளிநாட்டுத் தட்டு வாங்க வசதியில்லாத காலத்தில் ஒரு கோப்பிக் காசுக்கு அங்கே கேட்கலாம். ஓடுகிற தட்டின் அட்டையை எல்லாருக்கும் தெரிய நிறுத்துவதும் அந்தக் கடைகளின் வழக்கம். எங்கள் மரத் தாங்கி ஜப்பானிலிருந்து வந்த யோசனையா என்று முதலாளியைக் கேட்டேன். அது தச்சன் விட்டுப்போன மிச்சத் துண்டு என்றார்.

அந்தக் கூட்டத்தில் பேச்சு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பாதி நேரம் இசையைப் பற்றியே இருக்காது. ப்ளூ நோட் என்ற நியூயோர்க் கொம்பனியின் தட்டென்றால் லேபிளில் அச்சான முகவரியைப் படிப்பார்கள். லெக்சிங்டன் அவெனியூவா, 47 வெஸ்ட் 63ஆம் தெருவா என்று. கொம்பனி இடம் மாறியதை வைத்துப் பதிப்பின் வயதைக் கண்டுபிடிப்பது. லேபிளை அடுத்த வெறும் இடத்தில் ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளரின் மூன்று எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டு, பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் அந்தப் பதிவுகளைச் செய்தவர் அவர். பிறகு ஒரு காது மாதிரியான குறியைத் தேடுவார்கள். தட்டை அழுத்திய ஆலையின் அடையாளம் அது. கொம்பனி கைமாறிய பிறகு அது இல்லை. காது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை. காதைத் தேடிக் காதைத் தேடிக் கேட்க மறந்துபோனவர்களை எனக்குத் தெரியும். இப்போது வருகிற 180 கிராம் கனத் தட்டுகளைக் கையில் நிறுத்துப் பார்த்துப் புளகாங்கிதம் அடைகிறவர்களையும் தெரியும். கனத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை. அரிசி மூட்டையா வாங்குகிறோம்?

இருந்தாலும் உருப்படியான சந்தேகங்களும் வரும். எண்பதுகளின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாக்ஸபோன்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைன்ட் ஆஃப் ப்ளூ' தட்டையும் தன் பிளேயரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பிளேயர் வேகமாக ஓடுகிறது, சேர்ந்து வாசித்தால் சுருதி நிற்கவில்லை என்றார். எங்களிடம் வேகம் பார்க்கும் அட்டை இருந்தது. வட்டமாக 180 கோடு போட்டிருக்கும். இந்த ஊர் மின்சார விளக்கின் கீழ் 33⅓ வேகத்தில் சரியாக ஓடினால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். வைத்தோம். ஆணி அடித்த மாதிரி நின்றன. தட்டைப் போட்டார், சாக்ஸபோனை எடுத்து முதல் பக்கத்தோடு ஊதினார். அரைச் சுரமும் இல்லை, அதற்கும் குறைவாக ஒரு விலகல், பல்லில் மண் கடிபடுகிற மாதிரி. திருப்பிப் போட்டார். இரண்டாம் பக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. கடையில் இருந்த வேறு இரண்டு பிரதிகளைப் போட்டோம், அதே கதை. மனிசன் தன் காதையே சந்தேகப்பட்டு வீட்டுக்குப் போனார்.

1992இல் விடை வந்தது. 1959 மார்ச் 2ஆம் திகதி நியூயோர்க்கில், ஒரு பழைய தேவாலயத்தில் இருந்த கொலம்பியாவின் ஒலிப்பதிவுக் கூடத்தில் முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் பதிவாயின. அன்றைக்குப் பிரதான ரேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் இசை வேகமாகும், சுருதி ஏறும். ஏப்ரல் 22இல் பதிவான இரண்டாம் பக்கத்துக்கு அந்தக் கோளாறு இல்லை. பாதுகாப்புக்கென்று பக்கத்தில் ஓடிய இரண்டாவது இயந்திரத்தின் ரேப்பிலிருந்துதான் பிற்பாடு திருத்தினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் உலகமே சுருதி ஏறிய பக்கத்தைக் கேட்டு உருகியிருக்கிறது. சாக்ஸபோன்காரர் திருத்திய பதிப்பை வாங்கினார், ஒருமுறை கேட்டார், பழையதற்கே திரும்பிவிட்டார். "பிழையான சுருதிக்குப் பழகிவிட்டேன்" என்றார்.

எனக்கும் ஒருநாள் பெருமை வந்தது. கணக்கு வாத்தியார் ஆலிஸ் கோல்ட்ரேனின் 1971ஆம் வருஷத் தட்டைக் கொண்டுவந்து, அட்டையில் உள்ள சச்சிதானந்தா என்ற சாமியாரின் பெயரைப் பல்லில் சிக்க வைத்துக்கொண்டு திணறினார். நான் உச்சரித்துக் காட்டினேன். கோயம்புத்தூருக்குப் பக்கத்துச் செட்டிப்பாளையத்துக்காரர், அமெரிக்கா போகுமுன் எங்கள் திருகோணமலையில் ஆச்சிரமம் வைத்திருந்தவர் என்றேன். வாத்தியார் என்னை ஆலிஸ் கோல்ட்ரேனின் சொந்தக்காரன் மாதிரி பார்த்தார். பக்கம் ஓடியது. தம்புரா ஒரு மூலையில் ரீங்கரிக்க, ஹார்ப்பின் மேல் ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன் ஏறியது. திருகோணமலைக் கடற்காற்று அதில் இருந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தம்புராச் சத்தம் வந்ததும் ஊர்க் கோயில் மண்டபத்தின் வாசம் வந்தது, அது உண்மை.

பிளேயரில் கிடந்ததைத்தான் கொண்டுவர வேண்டும் என்ற சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதித்தவள் தாதி. மூன்று மாதம் தொடர்ந்து ஒரே தட்டைக் கொண்டுவந்தாள். பில் எவான்ஸ் மூவர் குழு 1961 ஜூன் 25ஆம் திகதி வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறைக் கிளப்பில் வாசித்த 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. பதினொரு நாள் கழித்து பேஸ் வாசித்த ஸ்கொட் லஃபாரோ கார் விபத்தில் செத்துப்போனார். அந்தத் தட்டில் பியானோவுக்குப் பின்னால் கிளாஸ் முட்டுகிற சத்தமும் சனம் கதைக்கிற சத்தமும் கேட்கும். வார்டில் விடியப்புறம் மூன்று மணிக்கு அதைத்தான் மனத்துக்குள் ஓடவிடுவேன் என்றாள். மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள், வேறு தட்டே இல்லையா என்று. அவள் தட்டின் லேபிளைப் பார்த்தேன். பூனை மீசை இல்லை, சிங்கத்தின் பிடரி.

அவளுக்கு நேர் எதிர் ஒருவர். ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், எப்போதும் கழுத்துப்பட்டி. அவருக்கு எந்த வெள்ளிக்கிழமையும் கடினமான தட்டுத்தான் ஓடும். செசில் டெய்லர், ஓர்னெட் கோல்மன், எல்லாவற்றுக்கும் மேலாக ஆல்பர்ட் ஐலர். 1964இல் பதிவான 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி'யை அவர் எங்களுக்குப் போட்டுக் காட்டிய அன்று, தபால்காரர் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றார். அது பாட்டுமில்லை, ஓலமுமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் நிற்கிற சத்தம். முதல் தரம் எனக்கும் தலையிடிதான். ஐந்தாம் தரம் பிடித்தது. "தினமும் ஒருமுறை காதைக் கழுவ வேண்டும், உன் இயந்திரம் தட்டைக் கழுவுவதுபோல" என்பார் அவர். எல்லாருக்கும் அவர்மேல் கொஞ்சம் பயம். அவர் இருந்தால் பாடகிகளின் தட்டை யாரும் பையிலிருந்து வெளியே எடுக்க மாட்டார்கள்.

2009 குளிர்காலத்தில் அவர் இறந்தார். மகன் கடைக்கு வந்து தட்டுகளை எடுத்துப்போகச் சொன்னார். வானை எடுத்துக்கொண்டு போனேன். படுக்கையறையில் சுவர் முழுக்க அலுமாரி, அகர வரிசை பிசகாமல். ஐலரை உருவி ஜன்னலோரம் சரித்துப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி. லேபிளில் ஒரு மீசை இல்லை. செசில் டெய்லரும் அப்படியே, ஓர்னெட் கோல்மனும் அப்படியே. சிலதில் உள்ளுறையின் மடிப்புக்கூட விரியவில்லை. எங்களுக்குப் போட்டுக்காட்டிய பக்கங்கள் மட்டும் ஒருமுறை இரண்டுமுறை ஓடியிருக்கலாம்.

பிளேயர் கட்டில் தலைமாட்டில் இருந்தது. மூடி திறந்தபடி. மேலே ஒரு தட்டுக் கிடந்தது: எல்லா ஃபிட்ஜெரல்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் 1956இல் சேர்ந்து பாடியது. தேனும் மணலும் போல இரண்டு குரல், பின்னால் ஒஸ்கார் பீட்டர்சனின் பியானோ. எந்தக் கலியாண வீட்டிலும் போடலாம். முதல் பக்கம் முழுக்கச் சாம்பல். மீசைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, லேபிளில் ஓட்டையைச் சுற்றிக் கடதாசியே உரிந்து வெள்ளை தெரிந்தது. அட்டையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வளையங்கள், நாலோ ஐந்தோ. முதுகில் இரண்டு தரம் ஒட்டிய டேப்.

"அது குப்பைதானே?" என்றார் மகன்.

தரம் போட்டால் 'புவர்' கூடத் தேறாது. விற்க ஏலாது, நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்காக ஐலரைப் போட்டோம், அவருடைய பிரதியையே. மரத் தாங்கியில் அட்டையை நிறுத்தினேன். தபால்காரர்கூட இருந்து கேட்டார். ஊசி இறங்கியபோது ஒரு பொரிவு இல்லை, ஒரு கரகரப்பு இல்லை. பக்கம் முடிந்து ஊசி தூக்கியதும் கணக்கு வாத்தியார் தட்டை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு வருஷம் தினமும் கேட்டும் எப்படி வைத்திருக்கிறார் பாருங்கள்" என்றார்.

எல்லாரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். நான் பின்னால் போய்க் கேத்திலில் தண்ணீர் வைத்தேன்.